நங்கூரன் மேல் ஒரு பிராது

கோயில் வாசலில் பாய் விரித்து, பாயின் நடுவில் என் புத்தகத்தை வைத்திருந்தார்கள். கடற்காற்றில் பக்கம் புரளாமல் இருக்க அதன் மேல் ஒரு கல். சரியாக அறுபத்திரண்டாம் பக்கத்தில்.

பாயைச் சுற்றிப் பஞ்சாயத்தார் ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் வைத்திக்குப்பத்து ஆண்களில் பாதிப் பேர். அவர்களுக்கும் பின்னால், மீன் விற்று முடித்த கையோடு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள். மணி நாலரை இருக்கும். யார் வீட்டிலோ நெத்திலி வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குப் பசித்தது.

செங்கேணிப் பெரியவர் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர். பிராது கொடுத்தவரும் அவர்தான். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, கல்லை நகர்த்தி, குனிந்து படத்தைப் பார்த்தார். மறுபடி கல்லை வைத்தார்.

"இவன வரச் சொல்லு," என்றார்.

"யார?" என்று கேட்டார் தலைவர்.

"இந்தக் கட்டம் போட்ட லுங்கிக்காரன. நங்கூரன."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் மாமனார் கோவிந்தன் பாய்க்கு எதிரே, குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் இடத்தில், கை கட்டி நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் சிரிப்பு உள்ளேயே போய்விட்டது.

"அவன் வர முடியாதுங்க," என்றேன். "படத்துல இருக்கறவன்."

"அப்ப அவனுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தாங்க."

"அப்ப அவனுக்குப் பதிலா நீ வந்து நில்லு."

போய் மாமனார் பக்கத்தில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க மாப்ள," என்று மட்டும் சொன்னார்.

நின்றால் நின்றதுதான்

நங்கூரன் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அடுத்து நடந்ததெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்னாலும் அப்படித்தான் தெரியும், பரவாயில்லை.

எனக்கு ஊர் நெல்லித்தோப்பு, மீனவர் ஊர் இல்லை. அப்பா மில்லில் வேலை பார்த்தார். மில் மூடிய பிறகு பார்க்காத வேலை இல்லை. நான் பேனர் டிசைன் பண்ணுகிறவன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் ஒரே கம்ப்யூட்டர்தான். பேனர் வைக்கக் கெடுபிடி வந்தபோது கடையில் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. சும்மா இருந்த கம்ப்யூட்டரில் ஒரு சூப்பர் ஹீரோவை வரைய ஆரம்பித்தேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த மாதிரி புத்தகங்கள் என்றால் உயிர். ஆனால் ஒரு குறை. எல்லா ஹீரோவும் பறக்கிறான். நெல்லித்தோப்பில் ஒருவன் பறந்தால் முதல் சந்திலேயே கரண்ட் கம்பியில் மாட்டிக்கொள்வான். அதனால் என் ஹீரோ பறக்கமாட்டான். ஓடமாட்டான். நகரவே மாட்டான்.

நங்கூரன் ஒரு மீனவன். கையில் நங்கூரத்தோடு இருக்கும்போது இடி விழுகிறது. அன்றிலிருந்து அவன் காலை ஊன்றி நின்றுவிட்டால் யாராலும் அசைக்க முடியாது. புல்டோசர் வந்து முட்டி நிற்கும். மந்திரியின் கார் வரிசை வந்து நிற்கும். உடுப்பு என்றால் கட்டம் போட்ட லுங்கி, நங்கூரம் போட்ட பனியன், முதுகில் பறக்கிற துண்டு.

ஆறு கதை சேர்ந்ததும் தொகுப்பாக நூறு பிரதி அச்சடித்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன்.

இருபதுக்குப் பதினொன்று

புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கத்தை வெறுமையாக விட்டு, மேலே 'உங்கள் கருத்தை இங்கே எழுதவும்' என்று போட்டிருந்தேன். படித்தவர் எழுதிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், கடைசியில் புத்தகம் என் கடைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி ஒன்றிரண்டு வந்தன.

டீக்கடைக்குக் கொடுத்த பிரதியில், அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர் எழுதியிருந்தார். 'நங்கூரன் எந்தச் சங்கம் என்று கடைசிவரை சொல்லவில்லை. வார விடுமுறை உண்டா, இல்லையா? இதையெல்லாம் மறைத்து எழுதுவது முதலாளி புத்தி.'

கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாள்: 'இதே சக்தி எங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.'

பெயர் போடாத ஒருவர்: 'லுங்கியில் பை இல்லை. செல்போனை எங்கே வைப்பான்?' அதன் கீழே வேறு கையெழுத்தில்: 'மடியில்.' அதற்கும் கீழே முதல் கையெழுத்தில்: 'சண்டையில் விழுந்துவிடாதா?' இப்படியே ஒரு பக்கம் முழுக்கப் போயிருந்தது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு பிரதியில் சோம்பு, பட்டை, அரைக் கிலோ சின்ன வெங்காயம் என்று இருந்தது. அதைக் கருத்தாக எடுத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முசே அந்துவான் என்று ஒரு பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். தொப்பி போடாமல் வெளியே வரமாட்டார். அவர் புத்தகம் முழுக்கச் சிவப்பு மையில் திருத்தி, கடைசியில் மார்க் போட்டிருந்தார். இருபதுக்குப் பதினொன்று. காரணமும் எழுதியிருந்தார்: 'கதாநாயகன் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. அடிப்பதற்கு முன்பாவது சொல்லலாம்.'

எனக்கு முகம் தொங்கிப்போனது. லீவில் வந்திருந்த அவர் மகள் லூசிதான் சமாதானம் சொன்னாள். "அண்ணே, என் கல்யாண விருந்துக்கே அப்பா ஒம்பதுதான் போட்டாரு." சொல்லிவிட்டு, போகிற வழியில் படிக்க ஒரு பிரதி வாங்கிக்கொண்டு பிரெஞ்சு தேசத்து லியோனுக்கு விமானம் ஏறினாள். இந்தப் பிரதியை மறந்துவிடாதீர்கள். பின்னால் வருகிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கருத்து வேண்டும், கருத்து வேண்டும் என்று நாய் மாதிரி அலைந்தேன். பேனருக்கு யாரும் கருத்து சொல்வதில்லை. படம் இருக்கிறதா, பெயர் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். முதல் முறையாக நான் செய்த ஒன்றை மனிதர்கள் உட்கார்ந்து படித்துக் கோபப்பட்டார்கள். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஓரத்தில் ஒரு படம்

பேனர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. காதுகுத்தும் குழந்தையின் படத்தைக்கூட மறந்துவிடலாம், ஓரத்தில் வரவேண்டிய தாய்மாமன் படத்தை மறக்கக்கூடாது. மறந்ததால் இரண்டு தடவை கடை ஷட்டரில் கல் விழுந்திருக்கிறது. அதனால் எதைச் செய்தாலும் உறவில் யாரை விட்டோம் என்று பார்ப்பது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

நங்கூரனை வரைந்தபோது மாமனாரை விட்டுவிட்டோமே என்று தோன்றியது. ஐந்தாவது கதையில் கடல் வருகிறது. படகு வேண்டும். செல்போனில் அவர் போட்டின் படம் இருந்தது. அதை வைத்து அப்படியே வரைந்துவிட்டேன். நீலமும் மஞ்சளும், பக்கவாட்டில் 'கலைச்செல்வி' என்று என் மனைவியின் பெயர், முன்மூக்கில் பாறையில் இடித்த இடத்துக்கு அடித்த தகரம், பதிவு எண், எல்லாம்.

கதை இதுதான். ஊரையே கயிறு போட்டு இழுத்துப்போக ஒரு ராட்சதக் கப்பல் வருகிறது. அதைப் பார்த்த அதிர்ச்சியில் ஊர்த்தலைவர் உயிரை விடுகிறார். உடல் வாசலில் கிடக்க, நங்கூரன் கண்ணீரோடு படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறான். முழுப் பக்கப் படம். பக்கம் அறுபத்திரண்டு. நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்த படம்.

வைத்திக்குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை ஒரு போட்டும் கடலில் இறங்கக்கூடாது. செத்தவர் யாராக இருந்தாலும் சரி, கடலில் மீன் கொட்டிக்கிடந்தாலும் சரி. நான் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. சாவுக்குப் போகிற நாட்களில் போட்டெல்லாம் மணலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சாவு வீட்டில் இருக்கிறார்கள், யார் தொழிலுக்குப் போவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருவரையும் கேட்டதில்லை.

மாமனார் வீட்டுக்குக் கொடுத்த பிரதி கைமாறிச் செங்கேணிப் பெரியவரிடம் போயிருக்கிறது. அதன் கருத்துப் பக்கத்தில் பென்சிலில் இப்படி இருந்தது: 'அட்டை நன்று. அறுபத்திரண்டாம் பக்கத்தில் பிணம் கிடக்கும்போது போட்டு போகிறது. போட்டு கோவிந்தனுடையது. மீதியைப் பஞ்சாயத்தில் சொல்கிறேன்.'

போனது போனதுதான்

பாய்க்கு எதிரே நின்று என்னால் ஆனவரை வாதாடினேன். கற்பனை என்றேன். ஊர் பெயரைக்கூட எங்கேயும் போடவில்லை என்றேன்.

"போட்டுப் பேரு போட்டிருக்க," என்றார் தலைவர். "நம்பரு போட்டிருக்க. நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரன் இதப் பாத்தா, வைத்திக்குப்பத்துல சாவு அன்னிக்கே தொழிலுக்குப் போறானுங்கன்னு சொல்லமாட்டானா?"

நம்பரை ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

செங்கேணிப் பெரியவர் அப்போதுதான் பழைய கதையை எடுத்தார். என் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னால் நடந்தது. அன்றைக்கு மாமனார் பஞ்சாயத்தில் ஒருவர். செங்கேணி முதல் நாளே கடலில் வலை போட்டுவிட்டு வந்திருக்கிறார். விடிந்தால் ஊரில் ஒரு சாவு. வலை போய்விடுமே என்று போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரு மீனு கரைக்குக் கொண்டாரல," என்றார். "வலைய எடுக்கத்தான் போனேன்னு இதே எடத்துல நின்னு அழுதேன். இந்தக் கோவிந்தன் இன்னா சொன்னான்னு கேளு."

ஊரே மாமனாரைப் பார்த்தது.

"போனது போனதுதான்னு சொன்னேன்," என்றார் மாமனார்.

"பத்து நாளு என் போட்டு மணல்ல கெடந்தது."

"கெடந்தது."

தலைவர் நல்ல மனிதர். மாமனாருக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தார். "கோவிந்தா, அது நெசப் போட்டு. இது காகிதம். காகிதம்தானன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, வுட்டுடலாம்."

மாமனார் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்தப் போட்டை நம்பி அவரோடு இன்னும் மூன்று குடும்பம். நெத்திலி நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் குனிந்தார், கல்லை எடுத்தார், படத்தை முதல் தடவையாகப் பார்த்தார். முன்மூக்குத் தகரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நான் அடிச்ச தகரம்," என்றார். "ஆணிகூட எட்டு சரியா இருக்குது. என் போட்டுதான். போனது போனதுதான்."

தீர்ப்பு இரண்டு வரி. நூறு பிரதியிலும் அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை கலைச்செல்வி கடலில் இறங்கக்கூடாது.

வீட்டில் இருந்த கலைச்செல்வி என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

"எங்கப்பா அந்த எடத்துல நின்னதே இல்ல. நிக்க வச்சிட்ட. அதுவும் எம் பேர எழுதி நிக்க வச்சிருக்க." ஒரு நோட்டை என் முன்னால் போட்டு, "நூறு புக்கு யார் யார்கிட்ட இருக்குன்னு எழுது," என்றாள்.

செத்தவரைப் பிழைக்க வைக்க முடியாது

புத்தகங்களைத் தேடிக் கண்டுபிடித்தது அவள்தான். டீக்கடை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் ஒன்று. சலூனில் சவர நுரை துடைத்துப் பாதியாகிப்போன ஒன்று. ஒரு கல்யாணச் சீர்த்தட்டில், மாதுளைக்கும் ஆப்பிளுக்கும் நடுவே, பிரிக்காத ஒன்று. அஞ்சாறு நாளில் தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டது. நூறாவது லியோனில்.

எனக்கு வேறு தலைவலி. அறுபத்திரண்டாம் பக்கத்தில் எதை வரைவது? ஒட்டும் முன் செங்கேணிப் பெரியவரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள்.

முதலில் படகை எடுத்துவிட்டு நங்கூரனை நீந்த விட்டேன். பெரியவர் பார்த்தார். "நீந்தினாலும் கடல்ல எறங்கினதுதான்."

அடுத்து ஊர்த்தலைவரைச் சாகாமல் காப்பாற்றினேன். மயக்கம்தான், தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிடுகிறார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"செத்தவர எப்படிப் பொழைக்க வப்ப? நான் அவருக்கு அழுதுட்டேன்."

என் ஒரு படத்துக்கு ஒருவர் அழுதிருக்கிறார். அதைக் கருத்துப் பக்கத்தில் எழுதாமல் அட்டை நன்று என்று எழுதியிருக்கிறார்.

"அப்ப என்னதான் பண்றதுங்க? கப்பல் வருது. ஊரையே இழுத்துக்கினு போவப்போவுது. அவன் போவலன்னா எப்படி?"

"அவன் சக்தி இன்னா?" என்று கேட்டார்.

"நின்னா அசைக்க முடியாது."

"அப்ப நிக்கட்டும். சாவு அன்னிக்கு நாங்களும் அதான பண்றோம்."

நகராத ஒருவனைப் படைத்து, அறுபத்தொரு பக்கம் நகராமல் காப்பாற்றி, அறுபத்திரண்டில் மட்டும் கடலுக்கு ஓட விட்டவன் நான். அதை அவனை உருவாக்கிய எனக்குத் தெரியவில்லை. லுங்கிக்காரன் என்று கூப்பிட்டவருக்குத் தெரிந்திருந்தது.

வரைந்தேன். வாசலில் உடல். மணலில் வரிசையாகப் படகுகள். கப்பலிலிருந்து வரும் கயிறு கரையில் நிற்கிற நங்கூரன் இடுப்பில் சுற்றியிருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் எழவில்லை. கப்பல்தான் சாய்கிறது. கலைச்செல்வியை மணலில் முதல் படகாக வரைந்தேன். ஆணி எட்டு.

பெரியவர் ரொம்ப நேரம் பார்த்தார். "ஒட்டு," என்றார்.

ஓரம் தூக்குது

தொண்ணூற்றொன்பது ஒட்டியாகிவிட்டது. சலூன் பிரதியில் அறுபத்திரண்டாம் பக்கமே இல்லை, அதிலும் ஒட்டினோம். நூறாவதை விட்டுவிடலாம் என்றார் தலைவர். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "நூறுன்னா நூறு."

படத்தை லூசிக்கு அனுப்பி, அச்செடுக்கச் சொல்லி, வீடியோ காலில் பஞ்சாயத்தைக் கூட்டினோம். இங்கே சாயங்காலம், அங்கே உச்சிப்பொழுது. அதே பாய், அதே கல். கல்லின் மேல் சாய்த்துவைத்த கலைச்செல்வியின் செல்போனில் கம்பளிக் கோட்டுப் போட்ட லூசி. முசே அந்துவானும் மகளைப் பார்க்கத் தொப்பியோடு வந்திருந்தார்.

லூசி பசை தடவிப் பக்கத்தை ஒட்டினாள். ஐந்து பஞ்சாயத்தார் செல்போன் மேல் கவிழ்ந்து பார்த்தார்கள்.

"நல்லா அமுக்கும்மா," என்றார் செங்கேணிப் பெரியவர். "கீழ்ப்பக்கம் ஓரம் தூக்குது."

லூசி அமுக்கினாள். முசே அந்துவான் தன் பிரதியை எடுத்து, பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று போட்டார்.

மறுநாள் விடிகாலை கலைச்செல்வி கடலுக்குப் போனது. மத்தியானம் வீட்டுக்கு ஒரு கூடை நெத்திலி வந்தது. மாமனார் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. என் மனைவி அதை வறுத்து எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மன்னிப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கயிறு

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போயிருக்கும். செங்கேணிப் பெரியவர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சேதி வந்ததும் அஞ்சலி பேனர் ஒன்று அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் படம் மட்டும். ஓரத்தில் யாரையும் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உடல் வாசலில் இருந்தது. வெளியூர் மகன் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். மாமனாரைக் காணோம் என்று கரைக்குப் போய்ப் பார்த்தேன். போட்டெல்லாம் வரிசையாக மணல் மேட்டில் நின்றன. கடல் அமைதியாக இருந்தது. ஒருவர்கூட அதன் பக்கம் பார்க்கவில்லை.

மேட்டில் ஏற்றிவிட்ட போட்டை யாரும் கட்டுவதில்லை. அலை அங்கே எட்டாது. மற்றவை எல்லாம் சும்மாதான் நின்றன. கலைச்செல்வி மட்டும் இரண்டு கயிற்றில் கட்டியிருந்தது. ஒன்று தென்னையில், இன்னொன்று கரையில் போட்டிருக்கிற கருங்கல்லில். மாமனார் குந்தி உட்கார்ந்து இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மாமா கயிறு?"

"உங்க நங்கூரன் ஒருக்கா எடுத்துக்கினு போனவன் மாப்ள," என்றார். "மத்த நாளா இருந்தா பரவால்ல. இன்னிக்கு செங்கேணி பாத்துக்கினு இருப்பான்."

அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் குனிந்து அந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உடலை எடுக்கும்வரை அங்கேயே நின்றேன்.